ஆச்சி முகத்து நிழல் எங்கே போச்சு?

"கேமரா கெட்டுப்போச்சு, என்னன்னு பாருங்க அண்ணாச்சி" என்று என்னிடம் வருகிற படங்களில் பெரும்பாலானவற்றில் கேமரா கெடவே இல்லை. லென்ஸ் நன்றாக இருக்கும், சென்சார் நன்றாக இருக்கும். படம் மட்டும் பார்க்கச் சகிக்காது. உச்சி வெயிலில் எடுத்தது மந்தாரமாகத் தெரியும். கோபுரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடும். நடந்து போகிறவருக்கு மூன்று கால் இருக்கும். கறுத்த முகம் வெளிறிப்போயிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள்: ரீசெட் பண்ணு, ஆப்பை அப்டேட் பண்ணு, போனையே மாத்து. அநேகமாக எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். கேமராவுக்குள் நம்மைக் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும் எச்டிஆர். வெயிலும் நிழலும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற ஏற்பாடு அது.

எச்டிஆரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு படத்தில் எந்த இடம் இருட்டாகவே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற வேலையைப் போனிடம் முழுசாக விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. அதை நாம் கையில் எடுத்துக்கொண்டால் பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி அசைவாலும் அழுக்காலும் திரையாலும் வருவது.

எங்கள் பக்கத்து வெளிச்சமே கேமராவுக்குச் சிரமமானது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டைத் தெருவில் பகல் பதினொரு மணிக்கு விழும் வெயில் 1,00,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு. அதே நேரத்தில் பழைய வீட்டுப் பட்டாசலுக்குள், அதாவது கூடத்துக்குள், 200 லக்ஸ் இருந்தால் அதிகம். 500 மடங்கு வித்தியாசம். கேமராக்காரர்கள் கணக்கில் 9 ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. இது வெளிச்சத்தின் வித்தியாசம் மட்டும்தான். வாசலில் நிற்பவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்து, உள்ளே தேக்குத் தூணும் கரி படிந்த சுவரும் இருந்தால் இன்னும் விரியும்.

கண் இதைச் சமாளித்துவிடும். தெருவிலிருந்து உள்ளே நுழைந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் எல்லாம் தெரியும். போன் சென்சாருக்கு அந்த அவகாசம் கிடையாது. நகத்தளவு இடத்தில் கோடிக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒளி பட்டாலே நிரம்பிவிடும். நிரம்பிய புள்ளி வெறும் வெள்ளை, அதிலிருந்து பிறகு எதையும் மீட்க முடியாது. நிரம்பாமல் இருக்கட்டும் என்று குறைத்து எடுத்தால் நிழல் பகுதி கறுத்து, பொடிப்பொடியாக நாய்ஸ் ஏறிவிடும். அதனால் போன் ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்துச் சேர்க்கிறது. சில போன்கள் குறைந்த வெளிச்சத்தில் ஒன்று, கூடின வெளிச்சத்தில் ஒன்று என்று எடுக்கும். சில போன்கள் எல்லாவற்றையும் குறைந்த வெளிச்சத்திலேயே வரிசையாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நாய்ஸைக் குறைத்துவிட்டு, அதற்குப் பிறகு நிழலை மட்டும் ஏற்றும். 2013-ல் நெக்சஸ் 5 போனில் கூகுள் கொண்டுவந்த எச்டிஆர் பிளஸ் இந்த இரண்டாவது வகை. அதற்கு முன்பே, 2010-ல், ஐஓஎஸ் 4.1 மூலமாக ஐபோனுக்கு எச்டிஆர் வந்திருந்தது. மூன்று படங்களைச் சேர்க்கும், பட்டனை நாம்தான் போட வேண்டும். 2018-ல் ஐபோன் எக்ஸ்எஸ்ஸோடு ஸ்மார்ட் எச்டிஆர் வந்தது. இப்போது ஏறக்குறைய எல்லாப் போன்களிலும் எச்டிஆர் தானாகவே ஓடுகிறது.

யோசனை ரொம்பப் பழையது. 1850-களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடல் படங்களுக்கு வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து, அடிவானத்தில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். உவரிக் கடற்கரையில் விடியும் நேரத்தில் போனைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அவர் எதற்கு அவ்வளவு மெனக்கெட்டார் என்று புரியும். வானம் சரியாக வந்தால் கடல் கறுக்கும், கடல் தெரிந்தால் வானம் வெளுக்கும். ஆனால் வானம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும், கடல் எவ்வளவு கறுத்திருக்க வேண்டும் என்று லெ கிரே தன் கண்ணால் பார்த்து முடிவுசெய்தார். நம் போனில் அந்த ஒரு படிதான் விட்டுப்போயிருக்கிறது.

என் ஆச்சியின் காதில் இன்னும் பாம்படம் தொங்குகிறது. எங்கள் பக்கத்தில் பாம்படம் போட்ட ஆச்சிகள் அருகிப்போனதால் அதை நல்லபடியாகப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாகச் சேர்ந்த நகை. உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு. ஆச்சி முற்பகலில் பட்டாசல் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வாள். ஓட்டுக்கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருக்கிறது. அதன் வழியாக வெயில் சாய்வாக இறங்கி அவள் வலது கன்னத்திலும் அந்தப் பக்கத்துப் பாம்படத்திலும் விழும். பாம்படத்தின் ஒரு விளிம்பில் மட்டும் ஒரு பொறி. மற்றப் பக்கமெல்லாம் கறுப்பை ஒட்டிய மஞ்சள். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் கீழே மெல்லிய நிழல். அவளுக்குப் பின்னால் இரண்டாங்கட்டு முழு இருட்டு.

போனில் எடுத்ததும் திரையில் வந்தது வேறு வீடு. இரண்டாங்கட்டில் அடுக்கியிருந்த பாத்திரம் ஒவ்வொன்றும் தெரிந்தது. கண்ணாடி ஓட்டிலிருந்து இறங்கிய வெயில் காணோம். பாம்படம் மஞ்சளாக இருந்தது, தங்கமாக இல்லை. ஆச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "எய்யா, யாரு இது? மூஞ்சில மாவு பூசுன மாரில்லா இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது மிகச் சரி. தங்கம் தங்கமாகத் தெரிவது அதன் நிறத்தால் மட்டும் இல்லை. ஒரு விளிம்பு கண்ணைப் பறிக்க, அடுத்த விளிம்பு இருண்டு கிடப்பதால்தான் அது உலோகம் என்று நமக்குப் புரிகிறது. எச்டிஆர் பொறியைத் தணித்து, இருட்டை ஏற்றி, இரண்டையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. முகச் சுருக்கமும் அப்படித்தான்; அது நிழலால் ஆனது. நிழலை ஏற்றும்போது கூடவே வரும் நாய்ஸை அழிப்பதற்காகப் போன் அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும், சுருக்கமும் சேர்ந்து போய்விடும். அதற்கு மேல், போன் முகத்தைக் கண்டுபிடித்ததும் அது வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று ஏற்றுகிறது. கறுத்த முகத்துக்கும் வெளிச்சம் போதாத முகத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை. இது ஒரு குறை என்று கம்பெனிகளே ஒத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கின்றன. 2021-ல் பிக்சல் 6 போன் வந்தபோது, கறுத்த தோலை அதன் நிறத்திலேயே காட்டுவதற்காக ரியல் டோன் என்ற ஏற்பாட்டை கூகுள் கொண்டுவந்தது. வெயிலில் உழைத்துக் கறுத்த மனிதர்கள் நிறைந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் நிறத்தை மாற்றி வைக்கிற படத்தை நான் நல்ல படம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், முகத்தை வழவழப்பாக்கி வெளுப்பாக்குகிற பியூட்டி மோட் ஓடுகிறதா என்று பாருங்கள். பலர் எச்டிஆரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், வேலையைக் காட்டுவது பியூட்டியாக இருக்கும். அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து ஒரு படம் எடுங்கள். முகம் இன்னும் வெளிறியே இருந்தால் அடுத்தது எச்டிஆர்.

படம் எடுக்கும்போது எல்லோரும் திரையில் முகத்தைத் தொடுவார்கள். இருட்டான வீட்டுக்குள் முகத்தைத் தொட்டால் போன் மொத்தப் படத்தையும் ஏற்றிவிடும். உங்களுக்கு முக்கியமான பொருளில் எது அதிக வெளிச்சமோ அதைத் தொடுங்கள். ஆச்சி படத்தில் அது பாம்படத்தின் வெயில் பட்ட விளிம்பு, இல்லையென்றால் வலது கன்னம். தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும். அதைக் கீழே இழுங்கள். எண் காட்டுகிற போனாக இருந்தால் மைனஸ் 0.7-லிருந்து மைனஸ் 1 வரை போகலாம். பின்னால் இருக்கும் அறை கறுக்கும். கறுக்கட்டும். அந்த இருட்டு இருந்தால்தான் இந்தப் பக்கம் விழுகிற வெயில் வெயிலாகத் தெரியும்.

பிக்சல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. 2019-ல் வந்த பிக்சல் 4 முதல் வெளிச்சத்துக்கு ஒரு ஸ்லைடர், நிழலுக்குத் தனியாக ஒரு ஸ்லைடர் என்று இரண்டு உண்டு. நிழல் ஸ்லைடரைக் கீழே இறக்கினால் போதும், வானமும் கெடாது, நிழலும் நிழலாக நிற்கும். என்னைக் கேட்டால் எல்லாப் போனிலும் இருக்க வேண்டிய ஏற்பாடு இது. ஐபோனில் 12 வரைக்கும் செட்டிங்ஸில் கேமராவுக்குள் போனால் ஸ்மார்ட் எச்டிஆர் சுவிட்ச் இருந்தது. 13 முதல் அந்தச் சுவிட்ச் இல்லை. அதற்குப் பதிலாக போட்டோகிராஃபிக் ஸ்டைல்ஸ் இருக்கிறது. அதில் ரிச் கான்ட்ராஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிழல் ஓரளவு திரும்பி வரும். 16-ல் டோன் என்பதையே தனியாகக் குறைத்துக்கொள்ளலாம். சாம்சங்கில் கேமரா செட்டிங்ஸில் ஆட்டோ எச்டிஆர் இருக்கும். அத்தோடு சீன் ஆப்டிமைசர் இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள், அது வானத்தையும் வயலையும் தன்னிஷ்டத்துக்கு நிறம் ஏற்றும். மற்றப் போன்களில் கேமராவைத் திறந்ததும் மேல் வரிசையில் எச்டிஆர் என்று ஒரு குறி இருக்கும், அல்லது அம்புக்குறியை இழுத்தால் வரும். ஆட்டோ, ஆன், ஆஃப் மூன்றும் இருக்கும். ஒரே இடத்தில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஆனில் ஒன்று, ஆஃபில் ஒன்று எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் போன் என்ன செய்கிறது என்று எந்த வீடியோவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

ஒன்று கவனிக்க வேண்டும். புதுப் போன்கள் பலவற்றில் எச்டிஆரை ஆஃப் செய்தாலும் பல படங்களைச் சேர்ப்பது உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். முழுக்க விடுபட வேண்டும் என்றால், எல்லாவற்றையும் நாமே அமைத்துக்கொள்கிற ப்ரோ மோடில் போய், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுக்க வேண்டும். அதைப் பிறகு உட்கார்ந்து சரிசெய்யப் பொறுமை வேண்டும். திருமணம், சடங்கு என்று ஓடியாடி எடுக்கும் இடத்தில் எனக்கு அது ஒத்துவருவதில்லை. அமைதியாக ஒருவரை உட்காரவைத்து எடுக்கிற நாளில் ரா தவிர வேறு எதையும் நினைக்க மாட்டேன்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட படம் மந்தமாக இருந்தால் அதையும் ஓரளவு மீட்கலாம். ஐபோன் எடிட்டில் பிரில்லியன்ஸைக் குறைத்து பிளாக் பாயின்ட்டைக் கூட்டுங்கள். ஆண்ட்ராய்டில் ஸ்னாப்சீட் இருந்தால் டியூன் இமேஜில் ஆம்பியன்ஸையும் ஷேடோவையும் மைனஸ் பக்கம் கொண்டுபோங்கள். தேய்ந்துபோன சுருக்கம் திரும்பாது, ஆனால் வெயில் திரும்பும்.

இனி அசைவு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் தென்னை ஓலை சும்மா இருக்குமா? ஜூன் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேற்கேயிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அப்போது எடுக்கிற தோப்புப் படங்களில் ஓலை நுனிகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். போன் பல படங்களை அடுக்கும்போது நம் கை நடுக்கத்தைக் கணக்கிட்டு எல்லாவற்றையும் நேராக்கிவிடும். ஆனால் ஒவ்வொரு ஓலையும் தனித்தனியாக ஆடினதை முழுசாகச் சரிக்கட்ட முடியாது. நல்ல போன்கள் ஒரு படத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றப் படங்கள் எங்கே ஒத்துவரவில்லையோ அங்கே அவற்றைச் சேர்க்காமல் விட்டுவிடும். அப்போது இரட்டை விழாது, ஆனால் அந்த இடத்தில் மட்டும் நாய்ஸ் நிற்கும். அசையாத சுவர் வழவழவென்றும், அதன் முன்னால் ஓடுகிற பிள்ளையின் கை பொடிப்பொடியாகவும் இருந்தால் காரணம் இதுதான். கேமராவில் பழுது இல்லை. காற்று ஓயும் நொடிக்குக் காத்திருக்கலாம். முடியாவிட்டால் எச்டிஆரை நிறுத்தி, வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டி, ஓலை கறுப்பு உருவமாக விழட்டும் என்று எடுக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தன்று வரும் படங்கள் இதற்கு நல்ல உதாரணம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்யச் சொன்ன பிறகு, சாமியைச் சாக்கிட்டுப் படம் எடுக்க நமக்குக் கிடைப்பது ரதவீதிதான். மேலே வெளுத்த வானம், நடுவில் உயர்ந்து நிற்கும் தேர், கீழே நிழலில் நெருக்கியடிக்கும் கூட்டம். எச்டிஆருக்கென்றே அமைந்த காட்சி. ஆனால் வடம் பிடிக்கிற ஆயிரம் கைகளும் அசைகின்றன. ஆனில் வைத்து எடுத்தால் வடம் இரண்டாகத் தெரியும், கைகள் பாதியில் கரைந்திருக்கும், தேர்ச்சீலையின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும். தேர் நின்று நின்றுதான் நகரும் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சறுக்குக் கட்டை போட்டுத் தேர் நின்றதும் எச்டிஆர் ஆன், தேர் முழுவதும் வானத்தோடு சேர்த்து ஒரு படம். வடம் இழுபட ஆரம்பித்ததும் ஆஃப் செய்துவிட்டு, வெயில் பட்ட தேர்ச்சீலையைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிக்கொண்டு, பர்ஸ்டில் வரிசையாக எடுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற வீதியாகப் பார்த்து நின்றால் அந்த வெள்ளைக் கோடும் வராது. ஏனென்றால் வானத்துக்கும் தேருக்கும் உள்ள வித்தியாசம் அப்போது குறைவு. போன் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

ராத்திரி வேறு தொல்லை. கோயில் கொடை விழாவுக்குக் கட்டும் சீரியல் செட்டும் எல்இடி வளைவும் படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் மங்கின நேரத்து வரிகள் கறுப்புப் பட்டையாகிவிடும். எச்டிஆருக்காக எடுக்கும் படங்களில் சில மிகக் குறுகிய நேரத்தில் எடுத்தவை, அவற்றில் பட்டை அழுத்தமாக விழும். எல்லாவற்றையும் சேர்க்கும்போது அது நிறத் திட்டாகவும் மாறும். சில போன்களில் ஆன்டி பேண்டிங் என்று ஒரு செட்டிங் இருக்கும். அது 50 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த போனில் 60 என்று கிடந்தால் மாற்றுங்கள். ப்ரோ மோடில் ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பட்டை அநேகமாகப் போய்விடும்.

அழுக்கைப் பற்றிச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு போனை எடுக்கிற ஊர் நம்முடையது. லென்ஸ் மேல் அந்த எண்ணெய் மெல்லிசாக ஒரு படலமாக இருந்தால் வெளிச்சம் சிதறி நிழல் பகுதிக்குள் பரவும். சாதாரணப் படத்தில் அது லேசான பனிமூட்டம். எச்டிஆர் நிழலை ஏற்றும்போது அந்தச் சிதறலையும் சேர்த்து ஏற்றும், படம் முழுவதும் சாம்பல் பூத்துப்போகும். குற்றாலச் சாரலில் எடுத்த படங்களிலும் இதேதான், எண்ணெய்க்குப் பதில் நீர்த்துளி. நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். செம்மணல் தேரிப் பக்கம் போய்வந்தால் துடைப்பதற்கு முன்னால் மணலை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும். லென்ஸ் மேல் ஒட்டுகிற கண்ணாடி கீறியிருந்தால் கழற்றி எறியுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு அப்புறம் செட்டிங்ஸுக்குள் போவது நல்லது.

திசையன்விளைப் பக்கம் விடிலி என்கிற ஓலைக் குடிசைக்குள் கருப்பட்டி காய்ச்சுவதை எடுக்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உள்ளே அடுப்புத் தீ, கொதிக்கிற பதநீரிலிருந்து எழும்பும் ஆவி, ஓலை இடுக்கு வழியாகக் குத்தும் வெயில், வரிசையாகக் காத்திருக்கும் சிரட்டைகள். தீயும் ஆவியும் ஒரு கணம்கூட நிற்காது, எனவே பல படங்களைச் சேர்க்கும் எந்த முறையும் இங்கே திணறும். ஃபிளாஷ் போட்டால் ஆவிதான் வெள்ளையாக எரியும். அத்தோடு பல போன்களில் ஃபிளாஷ் ஆனில் இருக்கும்போது எச்டிஆர் வேலையே செய்யாது. எச்டிஆர் வரவில்லை, குறி மங்கிக் கிடக்கிறது என்று சொல்கிறவர்கள் முதலில் ஃபிளாஷையும், அப்புறம் 50 அல்லது 108 மெகாபிக்சல் மோடில் நிற்கிறோமா என்பதையும் பார்க்க வேண்டும். விடிலிக்குள் நான் ஃபிளாஷ், எச்டிஆர் இரண்டையும் ஆஃப் செய்துவிட்டு, ஓலை இடுக்கு வெயில் விழுகிற ஆவியைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுவேன். பாகு கிளறுகிறவரின் முகத்தில் தீ வெளிச்சம் விழுந்தால் போதும், சுவர் தெரிய வேண்டிய அவசியமில்லை.

எச்டிஆரை நம்பி விடுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நடவு முடிந்த வயல், பின்னால் பொதிகை மலை, மேலே மேகம். காற்று இல்லாத காலை நேரம். மலை நமக்கு மேற்கே இருப்பதால் காலையில் வெயில் அதன் முகத்தில் விழும், மடிப்புகளெல்லாம் தெரியும். அப்போது ஆட்டோவில் விட்டுவிட்டு எடுங்கள், மேகத்தின் வெண்மையும் வயலில் நிற்கும் தண்ணீரும் சேர்ந்தே வரும். சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும். அப்போது போன் மலையின் நிழல் முகத்தை ஏற்றி ஏற்றிச் சாம்பலாக்கும். சாயங்காலத்து மலை நீலக் கறுப்பாகவே இருக்கட்டும். வானத்தைத் தொட்டு எடுங்கள்.

படம் நன்றாக இருந்தும் பார்க்கிற திரையால் வருகிற குழப்பம் ஒன்று இப்போது அதிகமாகிவிட்டது. "கேலரில தொறந்த ஒடனே சாதாரணமா இருக்கு, ஒரு நொடில பளிச்சுனு ஆயிருது, உங்களுக்கு அனுப்பினா மங்கிப்போவுது" என்று எங்கள் மதினி சொன்னது இதைத்தான். புதுப் போன்கள் படத்தோடு கூடவே, எந்த இடத்தைத் திரையில் எவ்வளவு கூடுதலாக ஒளிரவைக்க வேண்டும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்துச் சேமிக்கின்றன. 2023-ல் ஆண்ட்ராய்டு 14-ல் இது அல்ட்ரா எச்டிஆர் என்ற பெயரில் வந்தது. ஐபோனில் 2020-ல் வந்த 12 முதலே உண்டு. திறந்து ஒரு நொடி கழித்து அந்தக் குறிப்பைப் படித்துத் திரை பளிச்சிடுகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்குவதோடு அந்தக் குறிப்பும் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவதும் கெட்ட படம் இல்லை, கூடுதல் ஒளி இல்லாத அதே படம்தான். பளிச்சிட்டதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் மூல ஃபைல் அப்படியே போகும். இந்தப் பளிச்சே வேண்டாம் என்றால் ஐபோனில் செட்டிங்ஸில் போட்டோஸுக்குள் வியூ ஃபுல் எச்டிஆர் என்பதை ஆஃப் செய்யலாம். சாம்சங்கில் எஸ்24 முதல் சூப்பர் எச்டிஆர் என்று இருக்கும். வெளியே வெயிலில் நின்று பார்த்தால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, திரை ஏற்கெனவே உச்சத்தில் எரிந்துகொண்டிருப்பதால் மேலே ஏற்ற இடமிருக்காது.

வீடியோவுக்கும் இதே கதைதான், விளைவு இன்னும் மோசம். ஐபோன் 12 முதல் வீடியோ டால்பி விஷன் எச்டிஆரில் பதிவாகும். கல்யாண வீட்டில் அத்தான் ஐபோனில் எடுத்துக் கொடுத்த துணுக்குகளை எடிட்டர் தன் கம்ப்யூட்டரில் போட்டதும் மணப்பெண் முகமும் பட்டுப்புடவையும் வெளுத்துப்போவது இதனால்தான். வேறு ஆட்கள் எடிட் செய்யப்போகிற வீடியோ என்றால் எடுப்பதற்கு முன்பே செட்டிங்ஸில் கேமரா, ரெக்கார்ட் வீடியோவுக்குள் போய் எச்டிஆர் வீடியோவை ஆஃப் செய்துவிடுங்கள். எடுத்து முடித்ததை எடிட்டர் கலர் செட்டிங்கில் மாற்றிச் சரிசெய்யலாம். எச்டிஆர் வீடியோ என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிரின்ட் போடப் போகிறவர்கள் திரையை நம்பவே கூடாது. தாள் தானாக ஒளிராது. திரையில் தெரிந்த பளிச்சில் பாதிகூட அதில் வராது. திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, கூடுதல் எச்டிஆர் ஒளியையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் முகம் தெளிவாக இருந்தால் பிரின்ட்டும் சரியாக வரும். இருண்டு தெரிந்தால் எடிட்டில் வெளிச்சத்தை மட்டும் லேசாகக் கூட்டுங்கள், ஷேடோவைத் தொடாதீர்கள். ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் மூல ஃபைலை பென்டிரைவில் கொண்டுபோங்கள். சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் போடுவதானால் அதே தாளில் முதலில் 4×6 அளவில் ஒன்று போட்டு வாங்கி, அதை மாட்டப்போகிற சுவரிலேயே பகலில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பெரியதற்குச் சொல்லுங்கள்.